உப்புக் குழாய்க்குக் கள்

ஆகஸ்ட் 19
இன்றும் சிவப்பு.

கடல்நீர் ஏறும் காசமான்ஸ் ஆற்றின் உப்பு வயலுக்குள் வராமல் தடுக்கும் கரைக்கு உட்புறம் ஒரு குழாய். அதற்குள் முடி அளவு கண்ணாடி இழை. தண்ணீரில் உப்பு கூடினால் இழையில் ஓடும் ஒளி மாறும், உச்சியில் சிவப்பு விளக்கு எரியும். பச்சை வரும்வரை நடவு கூடாது. அது குழாயை நட்ட திட்டத்தின் சட்டம், ஊருக்குச் சொன்ன வாய் என்னுடையது.

மழையோ கொட்டுகிறது. பிலோமென் அக்காவுக்கு வருடச் சோறே அவள் நெல் நாற்றங்கால்தான்.

"வெர்ஜினி, உன் விளக்கு பச்சையாகறதுக்குள்ள என் நாத்து பழுத்துடும்டி."

ஆகஸ்ட் 21
தலைநகர் டக்காரிலிருந்து திட்டத்தின் அதிகாரி கோமிஸ் சார் தொலைபேசியில்: "ஒளி பொய் சொல்லாதும்மா."

சரி. அவர் பார்ப்பது ஒளியை. அக்கா முகத்தைப் பார்ப்பது நான்.

ஆகஸ்ட் 22
சிவப்பு.

ஆகஸ்ட் 24
மழை பெய்யப் பெய்ய உப்பு ஏறுகிறதாம்! மேகம் கடலை அப்படியே தூக்கிவந்து கொட்டுகிறதோ? சாரிடம் கேட்டேன். ஆராய வேண்டிய விஷயம் என்றார். அடுத்த மாதம் வந்து ஆராய்வாராம். நாற்று காத்திருக்கும், பாவம், அதற்கு வேறு வேலை என்ன?

ஆகஸ்ட் 25
யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. குழாய் மூடியைத் திறந்தேன். குப்பென்று கள் வாடை. அடித் துளைகளைச் சேறு அடைத்திருக்க, ஈக்கள் மயங்கி மிதந்தன. இந்த இழைக்கு உப்பும் ஒன்றுதான், சர்க்கரையும் ஒன்றுதான். ஒளி பொய் சொல்லாது — குடித்திருந்தால்?

சாமிக்குக் கள் ஊற்றுகிற அலோய்ஸ் மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, நீங்களா ஊத்துனீங்க?"

"பின்னே? கண்ணு செவந்து நிக்குது. ஒரு குடுக்கை ஊத்துனேன். கோவம் அடங்கல. ரெண்டா ஊத்துனேன்."

"அது சாமியில்ல மாமா, மிஷினு!"

"அது சொல்லாம நாத்து நடக்கூடாதுன்னு நீதானே சொன்னே? அப்புறம் சாமி இல்லாம வேறென்ன?"



ஆகஸ்ட் 26
குழாயைக் கழுவினேன். பச்சை. எல்லோரும் வயலில் இறங்கிவிட்டார்கள். அக்காவின் நாற்றில் பாதிதான் தேறியது, மீதி மாட்டுக்கு. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

செப்டம்பர் 30
கோமிஸ் சார் விருந்தினர்களோடு வந்தார். கரையில் இப்போது இரண்டு குழாய். ஒன்றில் இழை. மற்றது வெறுங்குழாய், தலையில் சிவப்புச் சாயம், மாமா கள் ஊற்றுவதற்கென்று நான் நட்டது. சார் நேராக வெறுங்குழாயிடம் போய், குனிந்து, உள்ளே ஒளி எப்படி வளைகிறது என்று விளக்கினார். நன்றாகவே விளக்கினார். மாமா குடுக்கையை நீட்ட, பணிவாக வாங்கி ஊற்றினார்.

அக்கா என் காதருகே வந்தாள். "எது மிஷினுன்னு அவருக்குச் சொல்லலியாடி?"

"அவர் கேக்கலியே, அக்கா."

ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் அவள் சிரித்தாள்.