கம்பெனித் துண்டு

ஜூன் 9, திங்கள்

இன்றும் பாதியில் நின்றுவிட்டேன். ரயில்வே கேட் வருவதற்குள் கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. அருணா போய்க்கொண்டே இருந்தாள். போன மாதம் வரை அவள்தான் என் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடுவாள். திரும்பி வந்து, "இன்னாடி ஜெபா, ராத்திரி தூங்கலியா?" என்றாள். ஆமாம் என்று புளுகினேன். அடித்துப் போட்ட மாதிரி தூங்கியிருந்தேன்.

போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு ஜூலை கடைசியில். எழுத்துத் தேர்வில் நானும் அருணாவும் பாஸானதும் தெருவெல்லாம் கேக் கொடுத்தார் அப்பா. இப்போது போய் என்ன சொல்வது?

ஜூன் 12, வியாழன்

டீயை விட்டாயிற்று. பரோட்டாவை விட்டாயிற்று. காலையில் முளைகட்டின பயறு, மதியம் முருங்கைக்கீரை, ராத்திரி முட்டை. அம்மா கிண்டல் பண்ணுகிறாள், "ஆட்டுக்குட்டிகூட இவ்ளோ தழை துன்னாது." இத்தனை தின்றும் கண்ணாடியில் பார்த்தால் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது.

எனக்கு இதயத்தில்தான் ஏதோ. ஓடும்போதே சுருண்டு விழுந்த பையனின் வீடியோவை அருணா அனுப்பியதிலிருந்து, படுத்தால் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். சரியான பயந்தாங்கொள்ளி நான். இதில் போலீஸ் வேலை வேறு!

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சில் முழங்காலிட்டு எழும்போது கண் இருட்டியது. யாரும் பார்க்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

விடிகாலையில் எங்கள் ரோட்டில் கம்பெனிப் புகை தரையோடு படுத்திருக்கும். மூச்சை இழுத்தால் நாக்கில் சில்லறைக்காசை வைத்த மாதிரி இருக்கும். அதற்குப் பயந்து துப்பட்டாவை மூக்கில் கட்டிப் பார்த்தேன், நழுவியது. மாஸ்க் வேர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டது. அப்பாதான் பொங்கல் முடிந்ததும் வழி கண்டுபிடித்தார்.

அவருக்கு எப்போதும் நைட் ஷிஃப்ட். பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் கம்பெனி. நான் ஓடக் கிளம்பும் நேரத்துக்கு அவர் திரும்பி வருவார். தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி, கழுத்தில் இருக்கும் துண்டை எடுத்து உதறி என் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிவிடுவார். கம்பெனியில் கொடுத்த துண்டு, நல்ல கனம். "இத்த தாண்டி ஒரு தூசி உள்ள பூராது பாப்பா" என்பார். தலையில் ஒரு தட்டு. அப்புறம்தான் ஓடுவேன்.

இன்றும் கட்டிவிட்டார். "இன்னா மூஞ்சி வாடிக்கீது?" என்று கேட்டார். வெயில் என்றேன். சூரியனே வரவில்லை அப்போது.

ஜூன் 21, சனி

வயிற்றுவலி. குடலைப் பிடித்து முறுக்குகிற மாதிரி வலி. மைதானத்து ஓரம் உட்கார்ந்துவிட்டேன், அருணா கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஓடனதெல்லாம் போதும், ஊட்ல குந்து. ஆரம்பாக்கத்துல உங்க அத்தை சொன்ன பையனையே பேசி முடிச்சிர்லாம்."

எனக்கு எது பெரிய பயம் என்றே தெரியவில்லை. சாவா, ஆரம்பாக்கமா?

ஜூன் 28, சனி

அம்மாவோடு டாக்டரிடம் போனேன். ஈசிஜி எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறதாம். அப்பாடா என்று சிரித்துவிட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ரத்தம் ரொம்பக் கம்மி, இவ்வளவு கீரை சாப்பிடும் பெண்ணுக்கு இப்படி இருக்கக் கூடாது என்றார். பிறகு, "அப்பா எங்க வேலை செய்றாரு?" என்று கேட்டார்.

அம்மா சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வேலை உடுப்போடதான் வீட்டுக்கு வருவாரா?"

"வேற எப்டி வருவாரு?" என்றாள் அம்மா.

இன்னொரு முறை ரத்தம் எடுத்தார்கள். அதைச் சென்னைக்கு அனுப்பிப் பார்க்கவேண்டுமாம்.

ஜூன் 30, திங்கள்

துண்டு. துண்டைப் பற்றி டாக்டரிடம் நான் சொல்லவே இல்லை.

இல்லை, இருக்காது. அது புகையைத் தடுக்கத்தானே?

ஜூலை 3, வியாழன்

அம்மா துவைத்துக் காயப்போட்டிருந்த துண்டை நேற்று ஒரு வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். அடியில் சாம்பல் நிறத்தில் வண்டல். துவைத்த துண்டு அது! இன்று காலை தெருமுனையில் என்னைக் காணாமல் அப்பா வீட்டுக்கே வந்தபோது சளி பிடித்திருக்கிறது, ஓடவில்லை என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். வாசலில் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இஞ்சி தட்டிப் போட்டுக் கஷாயம் வைக்கச் சொன்னார் அம்மாவிடம்.

கஷாயத்தைக் குடித்துக்கொண்டே அழுதேன்.

ஜூலை 11, வெள்ளி

ஈயம். ரத்தத்தில் ஈயம்.

டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். ஈயத்தூசு துணியில் ஒட்டி வீட்டுக்கு வரும். இனி உடம்புக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் மெல்ல இறங்கிவிடும். மாத்திரை, பால், முட்டை. ஓட்டம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். அப்போதுதான் துண்டைச் சொன்னேன். "ஓடறப்ப வாயால மூச்சு வாங்குவ இல்ல?" என்றார்.

புகைக்குப் பயந்தேன். துண்டை நம்பினேன். வெளியே வந்ததும் அம்மாவிடம் கெஞ்சினேன், அப்பாவுக்கு இது மட்டும் தெரிய வேண்டாம் என்று.

ஜூலை 13, ஞாயிறு

அம்மாவால் எதை அடக்க முடிந்திருக்கிறது? சர்ச்சில் பூசை முடிந்து வந்து சோறு போடும்போது வெடித்துவிட்டாள். "உன் துண்டுதான்யா புள்ள ஒடம்புல வெசத்த ஏத்திச்சி. தெனம் உன் கையால கட்டி உட்டியே!"

அப்பா கையில் எடுத்த சோற்றைத் தட்டில் வைத்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். எழுந்துபோய்க் கை கழுவினார். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஜூலை 15, செவ்வாய்

இப்போது பின்பக்கக் குழாயடியில் குளித்து, வேறு லுங்கி மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருகிறார். வேலைத் துணி தனி வாளியில் ஊறுகிறது. அவரே துவைக்கிறார். அதெல்லாம் சரி. ஆனால் என் பக்கத்தில் வருவதே இல்லை. தண்ணீர்ச் சொம்பைக்கூட மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறார்.

"நைனா, குளிச்சிட்டா ஒண்ணும் இல்ல, டாக்டரே சொன்னாங்க" என்றேன்.

"இருக்கட்டும் பாப்பா."

ஜூலை 30, புதன்

அருணா பாஸ். நான் போகவில்லை. அடுத்த தடவை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் எனக்கு அதையேதான் சொல்லிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மெதுவாக ஓடலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இனி புகை கலைந்த பிறகு, ஏரிக்கரைப் பக்கம். எதையும் கட்டிக்கொள்ளாமல் கிளம்பினேன். அப்பா தெருமுனை வரை வந்து தள்ளி நின்றுகொண்டார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி குனிந்திருந்தார்.

அவர் போட்டிருந்தது செருப்பு. இரண்டு கையும் வயிற்றில் இருந்தன. அந்த வலி எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அப்பா டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கமாட்டேன் என்கிறார். "ஈயம் ஜாஸ்தின்னு வந்தா கம்பெனில ஊட்டுக்கு அனுப்சிருவான். அப்பறம் இந்த வயசுல எவன் வேலை குடுப்பான்?"

நானும் சொல்லிவிட்டேன். "நீ ரத்தம் குடுக்கற வரிக்கும் நான் ஓடமாட்டேன். அடுத்த தடவையும் போகமாட்டேன்."

"இன்னா மெரட்றியா?"

"ஆமா."

ஆகஸ்ட் 25, திங்கள்

ஐந்தாறு நாள் முரண்டு பிடித்துவிட்டு, நேற்று ராத்திரி தானாகவே சட்டையை இஸ்திரி போட்டார்.

காலையில் ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு. உருக்கின ஈயத்தின் பக்கத்தில் நிற்கிற மனிதருக்கு ஊசி என்றால் பயம் என்று எனக்கு இன்றுதான் தெரியும். நர்ஸ் "பாக்கியநாதன்!" என்று கூப்பிட்டதும் அவர் கை என் கைப்பக்கம் வந்தது. பாதியில் நின்றது. இழுத்துக்கொண்டார்.

"சிஸ்டர், கை கழுவ எடம் எங்கமா கீது?" என்று கேட்டார்.

நர்ஸ் காட்டினாள். சோப்புப் போட்டு, நகத்துக்கு அடியிலெல்லாம் தேய்த்துக் கழுவி, ஈரம் போகச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.