தெற்குப் பார்த்த ஷட்டர்

அக்கா,

இன்று காலை ஷட்டரைத் தூக்கியதும் முதலில் வந்தது கிறீஸ் மணம். அதற்குப் பின்னால், நீங்கள் கை கழுவுகிற அந்தத் தோடம்பழ மணச் சவர்க்காரம். இரண்டும் கலந்த மணத்தை நான் வேறெங்கும் முகர்ந்ததில்லை. நீங்கள் போய் ஒரு பனிக்காலம் முடியப் போகிறது. இந்தக் கராஜுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை போலும்.

மேசையில் புல்வெட்டும் மெஷினின் எஞ்சின் பாதி கழன்றபடி கிடக்கிறது. கழற்றிய ஆணிகள் பழைய ஐஸ்கிறீம் பெட்டிகளில். வாசலோடு உங்கள் வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை, அதில் வெய்யில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நான் இங்கே சும்மா வரவில்லை. இதை விற்றுத் தரச் சொல்லி உங்கள் மகள் திறப்பை என்னிடம் தந்திருக்கிறாள். வாங்குகிற ஆளுக்குக் காட்ட வந்தேன்.

இந்தக் கராஜ் கட்டடம் எப்படித் தொடங்கியது என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்புத்தான் வரும். நான் ஒரு சின்னக் கட்டடக் கொம்பனியில் வீடுகளுக்குப் படம் வரைகிற வேலை. எங்கள் கொம்பனி கட்டிய வீடுகளை எங்கள் சனத்துக்கு விற்றுக் கொடுக்கிற ஏஜென்ட் நீங்கள். ஒருநாள், எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிற மில்லிக்கன் பக்கம் உங்கள் காரில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு தெரு முழுக்கக் கராஜ் கதவுகள் திறந்து கிடந்தன. நீங்கள் காரை மெதுவாக்கினீர்கள்.

"பார் பிள்ளை, ஒரு கராஜுக்குள்ளயாவது கார் நிக்குதே? காரைப் பனிக்குள்ள விட்டிட்டு அரிசி மூட்டையை உள்ளுக்கு வைச்சிருக்குதுகள்."

உண்மைதான். பேஸ்மென்ட் வாடகைக்குப் போய்விடும். மேல்வீட்டில் ஊரிலிருந்து வந்த சொந்தங்கள். பழைய கார் திருத்த ஆசைப்படுகிறவருக்கும், கரம்போட் செய்கிறவருக்கும், மிருதங்கம் அடித்துப் பழகுகிறவருக்கும் ஓர் அடி நிலம் கிடையாது. கொண்டோ அடுக்குமாடி வீடுகள் மாதிரியே கராஜ்களைக் கட்டி, ஒவ்வொன்றாக ஆட்களுக்குச் சொந்தமாக விற்றால் என்ன என்று கேட்டீர்கள். எனக்கு விசர்க் கதையாகத்தான் பட்டது. எங்கள் முதலாளிக்கு அப்படிப் படவில்லை. ஸ்டீல்ஸ் தெருவுக்குப் பக்கத்தில், ஹைட்ரோ மின்கம்பிகளுக்கு அருகே, வீடு கட்ட உதவாத ஒரு நீளக் காணி அவரிடம் சும்மா கிடந்தது.

அனுமதி கேட்கப் போனபோது நகரசபையில் ஓர் அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: இதற்குள் யாரும் குடியிருக்க மாட்டார்கள்தானே? "வீட்டில குடியிருக்கினம். இஞ்ச வந்து கொஞ்சம் மூச்சு விட்டிட்டுப் போவினம்" என்று நீங்கள் ஆங்கிலத்தில் சொல்ல, அந்த மனிசன் பேனையைக் கீழே வைத்துவிட்டு உங்களைப் பார்த்தார். அவருக்கும் அப்படி ஓர் இடம் தேவைப்பட்டதோ என்னவோ.

பிறகு வந்தது திசைப் பிரச்சினை. நான் வரைந்த முதல் படத்தில் எல்லாக் கதவுகளும் தெற்குப் பார்த்தவை. பனிக்காலத்தில் வெய்யில் அந்தப் பக்கத்தால்தான் வரும் என்று கணக்குப் போட்டு வரைந்தேன். முதலில் வாங்க வந்த, கரம்போட் செய்கிற அங்கிள் படத்தை மேசையில் வைத்து ஒருமுறை சுழற்றினார்.

"பிள்ளை, இதில வடக்கு எந்தப் பக்கம்?"

காட்டினேன். முகம் மாறிவிட்டது. "யோசிச்சுச் சொல்லுறம்" என்று எழும்பினார். எங்கள் ஆட்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றால் அதற்கு என்ன பொருள் என்று நமக்குத் தெரியாதா? அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். தெற்கு எமன் திசையாம். பாதிக் கராஜ்களாவது விலைப்படாமல் வங்கி கடன் தராது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கார் நிற்கிற இடத்தில் எமனுக்கு என்ன வேலை என்று சத்தம் போட்டேன். நீங்கள் தேத்தண்ணியை ஆற்றிக் குடித்துவிட்டுச் சொன்னீர்கள்: "வாங்க வந்த சனத்தோட வாதாடி வெண்டவை ஒருதரும் இல்லை. படத்தைத் திருப்பு."

திருப்பினேன். கதவுகள் வடக்கே போயின. கராஜ்கள் ஒவ்வொன்றாக விலைப்பட்டன. கடைசி மூலையில் மட்டும் காணி ஒடுங்கிப் போனதால் ஒரு கராஜ் தெற்குப் பார்த்துத்தான் திறக்க முடியும். அதைச் சீண்ட ஆளில்லை. பனி தள்ளுகிற மெஷினையும் உப்பு மூட்டைகளையும் அதற்குள் போடலாம் என்றார் முதலாளி. நீங்கள் படத்தில் அந்த மூலையை விரலால் தொட்டீர்கள். பிறகு, "அதை எனக்குத் தாங்கோ" என்றீர்கள்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். உங்களுக்கு என்ன ஹொபி என்று முதலாளி கேட்டார். ஆயிரம் பேருக்கு வாயால் வீடு விற்கிற நீங்கள் அன்றைக்குப் பதில் இல்லாமல் நின்றீர்கள். அப்படி உங்களை நான் ஒருநாளும் கண்டதில்லை.

திரும்பி வரும்போது காரில்தான் பதில் வந்தது. "ஹொபி எண்டா என்னெண்டே எனக்குத் தெரியாது பிள்ளை. அவர் செத்த நாளில இருந்து மகள். பிறகு தம்பிமார். அவங்களை இஞ்ச கூப்பிட்டு முடிய அவங்கட பெஞ்சாதிமார். பொழுது போறதே பெரிய பாடு, இதில பொழுதுபோக்கு எங்க? எனக்கு என்னதான் பிடிக்கும் எண்டு பார்க்க ஒரு இடம் வேணும்."

"வீட்டிலயே பார்க்கலாமே அக்கா?"

"வீட்டில நான் கொஞ்சம் சும்மா இருந்தாப் போதும், ஆரும் வந்து தேத்தண்ணி கேப்பினம்."

உங்கள் தம்பிமார் மூவரும் சேர்ந்து வந்து புத்தி சொன்னதும், ஊர் சிரிக்கும் என்றதும், அம்மாவுக்கு விசர் பிடித்துவிட்டது என்று மகள் எனக்குப் போன் எடுத்து அழுததும் உங்களுக்குத் தெரியும். தெற்கு வாசல் வேறு என்று மூத்த தம்பி கடைசி அஸ்திரத்தை விட்டார். "எமன் வரட்டுமே. ஷட்டரைத் தூக்கத் தெரியாமல் திரும்பிப் போவான்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தீர்கள். இவ்வளவு பிடிவாதம் உங்களுக்கு எங்கேயிருந்து வந்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

முதல் பனிக்காலம் வந்தது. வடக்கு வாசல்களில் விழுந்த பனி கல்லாக இறுகி, ஷட்டர்கள் நிலத்தோடு ஒட்டிக்கொண்டன. சுடுதண்ணி ஊற்றினார்கள், அதுவும் உறைந்தது. உங்கள் வாசலில் மட்டும் மத்தியானத்துக்குள் எல்லாம் உருகி, நிலம் காய்ந்து கிடக்கும். ஒவ்வொருவராகத் தேத்தண்ணிப் பிளாஸ்கோடு உங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். கரம்போட் அங்கிள் ஒருநாள் வெய்யிலில் முதுகைக் காட்டிக்கொண்டு, "தெற்கும் அவ்வளவு பிழையில்லைப் போல" என்றார். "உங்களுக்குத்தான் முதல் காட்டினது" என்றீர்கள். மனிசன் பிஸ்கட்டைத் தேத்தண்ணிக்குள் நனைத்துத் தின்றார்.

உள்ளே உங்கள் ஆராய்ச்சி நடந்தது. படம் கீறிப் பார்த்தீர்கள், சரிவரவில்லை. தைக்கிறது வேண்டாம், வந்த புதிதில் தையல் ஃபக்டரியில் தைத்தது போதும் என்றீர்கள். இருப்பதற்கு ஒரு மரவாங்கு அடித்தீர்கள், அதில் இருந்த முதல் ஆள் நான், விழுந்த முதல் ஆளும் நான். பிறகு யாரோ குப்பையில் போட்ட வக்கூம் கிளீனர் ஒன்றைத் தூக்கி வந்து கழற்றினீர்கள். கடைசி ஆணி வரைக்கும். அன்று உங்கள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை என்னால் மறக்க முடியாது.

"கண்டுபிடிச்சிட்டன். எனக்குப் பிடிச்சது கழட்டுறது."

"சரி, ஆர் திருப்பிப் பூட்டுறது?"

"ஏன் பூட்டவேணும்?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. உடைந்ததை எல்லாம் ஒட்டி, பிரிந்ததை எல்லாம் சேர்த்து, ஒரு குடும்பத்தையே கடல் தாண்டிப் பூட்டி வைத்த மனுஷி நீங்கள். ஒன்றையாவது கழற்றிப் போட்டுவிட்டுப் பேசாமல் எழும்பிப் போக உங்களுக்கு ஆசை இருந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டதும் கராஜைத்தான். "வாசலுக்கு வெய்யில் வந்திட்டுதே?" வந்துவிட்டது என்றேன். வெளியே ஒரே மூட்டம்.

சரி, இப்போது நடப்பதைச் சொல்கிறேன், ஏசாதீர்கள். விற்கத் திறப்பைத் தந்தாள் உங்கள் மகள். நானும் ஆட்களைக் கூட்டி வந்து காட்டுகிறேன். ஆனால் ஷட்டரைத் தூக்க முதலே ஒன்றைச் சொல்லிவிடுவேன்: "உது தெற்குப் பார்த்தது. வைச்சிருந்தவவும் செத்துப்போனா." அதோடு காரியம் முடிந்தது. எல்லோரும் யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விடுவார்கள். உங்கள் எமன் எனக்கு நல்ல உதவி செய்தார்.

இன்று வந்த பொடியன் கெடுத்துவிட்டான். சின்ன வயதில் வந்து இங்கேயே வளர்ந்தவன். தூரத்து விட்பியில் இருக்கிறவன். நான் வழமையான மந்திரத்தைச் சொன்னேன். "சவுத் ஃபேசிங்கா அன்ரி? பெர்ஃபெக்ட். ஸ்னோ எல்லாம் மெல்ட் ஆயிடும்" என்றான். உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தான். உங்கள் கதிரையை ஓரமாகத் தள்ளிவிட்டு அளவு எடுத்தான். ஆயிரம் வீட்டுக்குப் படம் வரைந்தவள், ஒரு பிளாஸ்டிக் கதிரை நகர்ந்ததற்கு அழப் பார்த்தேன்.

வெளியே வந்து உங்கள் மகளுக்குப் போன் எடுத்தேன். ஆள் வந்திருக்கிறான், அவனுக்குப் பிடித்துவிட்டது என்றேன்.

"அன்ரி, இதுவரைக்கும் எத்தனை பேரைத் துரத்தினீங்கள்?"

நான் திரும்பி, உள்ளே அளவு எடுக்கிற பொடியனைப் பார்த்தேன்.

"உங்களுக்கு வேணுமெண்டா நீங்களே வைச்சிருங்கோவன்."

"எனக்கென்னத்துக்கு? எனக்கு ஒரு ஹொபியும் இல்லை."

"அம்மாவும் இதைத்தான் சொன்னவ" என்றாள்.

விற்கவில்லை, நானே வைத்திருக்கப் போகிறேன் என்று பொடியனிடம் மன்னிப்புக் கேட்டேன். என்ன செய்யப் போகிறீர்கள் அன்ரி என்று கேட்டான். அன்றைக்கு நீங்கள் நின்ற மாதிரியே நானும் பதில் இல்லாமல் நின்றேன். அவன் போனபின் கதிரையைப் பழைய இடத்தில் வைத்து, வெய்யிலில் இருந்தேன். ஒருவரும் தேத்தண்ணி கேட்கவில்லை. பிறகு எழும்பி, எஞ்சினில் மிச்சமிருந்த ஆணிகளில் ஒன்றைக் கழற்றி ஐஸ்கிறீம் பெட்டிக்குள் போட்டேன்.

பூட்ட மாட்டேன் அக்கா.