எழுதாத தாளில் நாற்பத்தொரு கையெழுத்து

போபோடி, புனே
ஜூன் 21, ஞாயிறு

அன்புள்ள ஈனிட்டுக்கு,

உன்னையும் ஹெலினாவையும் ஆண்டவர் ஓசூரில் ஒரு குறையும் இல்லாமல் நடத்திவர வேண்டும் என்ற ஜெபத்தோடு ஜெபமணி எழுதிக்கொள்வது. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே தூக்கிப் போட்டுவிடுவாயோ என்று பயந்து, ரயன் அப்பாவை விட்டு விலாசம் எழுதச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதெல்லாம் நாலு வருஷமாக ஒற்றை டிக்கோடு நிற்கிறது. தபால்காரரை யாரும் பிளாக் செய்ய முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். உன் விலாசத்தைப் போதகரிடம் கெஞ்சி வாங்கினேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

இங்கே மழை பிடித்துவிட்டது. இவருக்கு முழங்கால் வலி, படியேற முடியவில்லை. ஆர்டினன்ஸ் பாக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் நின்றே வேலை பார்த்த கால், இப்போது உட்கார்ந்தால் எழுந்திருக்க மறுக்கிறது. நீங்கள் இருந்த வீட்டில் ஐ.டி. கம்பெனிப் பையன்கள் நாலு பேர் இருக்கிறார்கள். இரவு பகல் தெரியாத பிறவிகள். பாடகர் குழுவில் உன் இடத்தில் யாரையும் நிறுத்தவில்லை. இரண்டாம் குரல் இல்லாமல் எல்லாரும் முதல் குரலிலேயே கத்துகிறோம். போதகரும் பொறுத்துக்கொள்கிறார்.

நம் நானாசாஹேப், அந்த நானாவின் விஷயம் உனக்கு எட்டியிருக்கும். மராத்திச் சேனல்களில் இரண்டு மாதமாக அவர் முகம்தான். தேர்தலில் இந்தத் தடவை கட்சி டிக்கெட் தரவில்லை. டிக்கெட் போன மூன்றாம் மாதம் ஒரு மராத்திப் பெண் வாய் திறந்தாள். அங்கன்வாடி வேலைக்காக அவரிடம் போனவளாம். பின்னால் இன்னும் இரண்டு பேர். இருபது வருஷம் மாநகராட்சியில் நம் வார்டின் நகரசேவக்காக இருந்தவர், பதவி இல்லாதபோதும் குழாயில் தண்ணீர் வருவதிலிருந்து பள்ளிக்கூட அட்மிஷன் வரைக்கும் அவர் தலையாட்டினால்தான் நடக்கும் என்றிருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதையை இப்போது டிவியில் பார்த்து எல்லாரும் உச்சுக்கொட்டுகிறார்கள். பிறந்தநாள் வாழ்த்து பேனர்களை ராத்திரியோடு ராத்திரியாக அவிழ்த்துவிட்டார்கள். நம் சந்துக் கோழிக்கடைக்காரன் அதில் ஒன்றை எடுத்துக் கூரை ஒழுகாமல் கட்டியிருக்கிறான். கைகூப்பியபடி நானா மழையில் நனைகிறார். நீ பார்த்தால் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஈனிட்.

ஏனென்றால் போன மாதம் அந்தப் பெண்களுடைய வக்கீல் என் வீட்டுக்கு வந்தார். தீபா என்று பெயர், சின்ன வயசு. பையிலிருந்து இரண்டு தாள் ஜெராக்ஸ் எடுத்து மேசைமேல் வைத்தார். எந்தத் தாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஒரு தடவையாவது நானே முதலிலிருந்து கடைசிவரை எழுதிவிட வேண்டும். நாலு வருஷமாக எனக்குள்ளேயே பாதிப் பாதியாகச் சொல்லி, எனக்கு வேண்டாத பாதியை விட்டுவிட்டே வந்திருக்கிறேன்.

நம் பெண்கள் ஐக்கியத்தில் மராத்தி எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி. மராத்தி டீச்சர் என்ற கர்வமும் உண்டு. எந்த மனு என்றாலும் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் எழுதாத தாளில் கையெழுத்து வாங்கிவிடுவேன். எல்லாருக்கும் வீட்டுக்கு ஓடவேண்டிய அவசரம். ஆறஅமர நான் வீட்டில் உட்கார்ந்து மேலே எழுதிக்கொள்வேன். நாமும் பழகிவிட்டோம். நீ மட்டும்தான் ஒருமுறை, “ஏட்டி மணி, எழுதாத தாள்ல கையெழுத்து வாங்காதட்டி, பின்னால வம்பாப் போகும்” என்று சொன்னாய். நான் இருக்கும்போது என்ன வம்பு வரும் என்று கேட்டேன். நீயும் போட்டாய்.

அந்தப் பிப்ரவரியில் குடிதண்ணீரில் சாக்கடை கலந்து வந்ததே, அதற்காக வாங்கிய கையெழுத்துகள் அவை. எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு கண்ணை மூடிக் கட்டியிருந்தார்கள். நானாவின் காரியதரிசி மாதவ் வந்து, கண்ணை வருத்திக்கொள்ளாதீர்கள் டீச்சர், ஆபீசிலேயே டைப் அடித்துக்கொள்கிறோம் என்றான். எவ்வளவு மரியாதையான பையன் என்று நினைத்து நாற்பத்தொரு பெண்களின் கையெழுத்தை எடுத்துக் கொடுத்தேன். அது அவன் மேசை டிராயரில் கிடந்தது.

அடுத்த வாரம்தான் ஹெலினா நானாவைப் பார்க்கப் போனாள். ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸ் வேலை, சிபாரிசுக் கடிதம் வேண்டும். அவள் தயங்கினாள். அவர் நமக்கெல்லாம் அப்பா மாதிரி, தைரியமாகப் போ என்று அனுப்பியவள் நான். ஒரு மணி நேரத்தில் வெறுங்காலோடு என் வீட்டுக்கு ஓடிவந்தாள். செருப்பு அவர் ஆபீஸ் வாசலிலேயே கிடந்தது. சர்டிபிகேட் பைலும் உள்ளே. மணிக்கட்டு சிவந்திருந்தது. என்ன நடந்தது என்று அவள் வாயாலேயே கேட்டேன். என் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உன் வீட்டுக்கு வந்தாள். இது உனக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லாதே என்று நான்தான் அவளிடம் சொல்லி அனுப்பினேன். அவள் கேட்கவில்லை. உன் மகள் அல்லவா, மறுநாளே போலீஸில் புகார் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அதே இரண்டு தாள். மேலே அச்சு அச்சாக மராத்தி. நானாசாஹேப் எங்களுக்குத் தகப்பனைப் போன்றவர், இந்தப் பெண் சண்டைக்காரி, நடத்தை சரியில்லாதவள் என்று இருந்தது. கீழே நம் நாற்பத்தொரு பேர். நான்காவது கையெழுத்து உன்னுடையது. இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இந்தக் கையெழுத்துகள் உண்மையானவையா? நான் “ஹோ” என்றேன். ஆமாம் என்று அர்த்தமாகும் ஒற்றைச் சொல். அவை எதற்காக வாங்கியவை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தத் தாளை வைத்துத்தான், பெற்ற தாயே எழுதிக் கொடுத்திருக்கிறாள் பார் என்று ஹெலினாவிடம் காட்டிப் புகாரை மூடினார்கள்.

ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்பதும் உனக்குத் தெரியாது. முந்தின நாள் மாதவ் போன் செய்து, உங்கள் மகன் ரயனுக்குத் தண்ணீர் வாரியத்தில் வேலைக்கான ஆர்டர் திங்கட்கிழமை வந்துவிடும் டீச்சர் என்றான். அவ்வளவுதான் சொன்னான். மிரட்டவில்லை. நானே புரிந்துகொண்டேன். அன்று சாயங்காலம் நீ வந்து சமையலறை வாசலில் நின்று கேட்டபோது, நான் பொய் சொல்லவில்லையே, கையெழுத்து உண்மைதானே என்றேன். நான் போட்டுத் தந்த டீயை நீ குடிக்காமல் போனாய். அந்தக் கிளாஸை நான் கழுவி வைத்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கத்திரிக்காய் நறுக்கினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இதையெல்லாம் போன மாதம் ரயனிடம் சொன்னேன். அவனுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை இருக்கிறது, அலினா என்று பெயர், ஒன்றரை வயது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே கேட்டவன், “நான் கேட்டேனாம்மா?” என்றான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். நாலாம் நாள் ஸ்கூட்டரை எடுத்து வந்து, ஏறுங்க, நோட்டரி பன்னிரண்டு மணிக்குப் போய்விடுவார் என்றான். வேலை போகும் என்று அவனுக்குத் தெரியும். ஒப்பந்த வேலைதானே, போனால் போகட்டும் என்று மருமகளிடம் சொன்னானாம்.

அபிடவிட்டை நானே என் கையால் மராத்தியில் எழுதினேன். போன வெள்ளிக்கிழமை ஐக்கியத்தில் அதை வரிவரியாகத் தமிழில் சொல்லி, கேட்டுவிட்டுப் போடுங்கள் என்றேன். அந்த நாற்பத்தொரு பேரில் இருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார்கள், சிலர் பிள்ளைகளோடு வாகட், பாணேர் என்று போய்விட்டார்கள். வந்திருந்தவர்களில் பதினேழு பேர் போட்டார்கள். மீதிப் பேர் குடையைத் தேட ஆரம்பித்தார்கள். ஒருத்தி எழுந்து, “அன்னைக்கு நீங்க சொன்னீங்கன்னு போட்டோம், இன்னைக்கும் நீங்க சொல்லுதீங்கன்னு போடணுமாக்கும்?” என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். கிடைத்த பதினேழோடு தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று நீ கேட்பாய். கேள். நானா இன்னும் பதவியில் இருந்திருந்தால், தீபா என் கதவைத் தட்டாமல் இருந்திருந்தால், நான் இதைச் செய்திருப்பேனா என்று தினமும் என்னையே கேட்கிறேன். தெரியவில்லை, ஈனிட். செய்திருப்பேன் என்று உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. நானா ஒரு ஆள்தான். அவர் இருபது வருஷம் நின்றது என்னைப் போன்றவர்கள் தலையாட்டியதால்தான்.

ஜூலை ஒன்பதாம் தேதி கோர்ட்டில் என்னை விசாரிக்கிறார்கள். மூடிய புகாரைத் திரும்ப எடுக்க வழியிருக்கிறது, ஆனால் ஹெலினா வந்து சொன்னால்தான் அது நிற்கும் என்று தீபா சொல்கிறார். அவள் வரவேண்டும் என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? வந்தாலும் வராவிட்டாலும் அன்று நான் போவேன். அபிடவிட்டின் ஜெராக்ஸ் இதோடு வைத்திருக்கிறேன். நிதானமாகப் படித்துப் பார். அதில் உன் பெயருக்கென்று நான் இடம் விடவில்லை. இனிமேல் யாருக்காகவும் தாளில் காலி இடம் விட எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். என்னை மன்னிக்காவிட்டாலும் சரி, பின்னால் இருக்கும் சின்னக் கடிதத்தை ஹெலினாவிடம் கொடுத்துவிடு. அன்றைக்கு ஸ்டேஷனில் அந்தத் தாளைக் காட்டியபோது அவள் உன்னை எப்படிப் பார்த்தாள் என்று நான் கண்ணால் கண்டேன். எழுதாத தாளில்தான் போட்டேன் என்று நீ அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருப்பாய். சாட்சி சொல்ல வேண்டிய நான் சொல்லவில்லை. கர்த்தர் உங்கள் இருவர் நடுவிலும் சமாதானத்தைத் தருவாராக.

உன் சிநேகிதி என்று எழுதும் உரிமையை இழந்த,
ஜெபமணி

அன்பு ஹெலினா,

உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

உன் அம்மா கையெழுத்துப் போட்டபோது அந்தத் தாளில் ஒரு எழுத்துக்கூட இல்லை. தண்ணீருக்காகப் போட்டாள். வாங்கியவள் நான். எனக்குத் தெரியும். கேட்டபோது சொல்லவில்லை.

நீ சொன்னது அத்தனையும் உண்மை.

நல்லா இரு, பாப்பா. அம்மாவிடம் போய் உட்கார்.

ஜெபமணி ஆன்ட்டி
(எழுதி முடித்து, இரண்டு தடவை படித்த பிறகு போட்ட கையெழுத்து)