செவலைக்கு வெட்டிய குழி

12.6.96
செவலையின் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவு கட்டி. பின்னங்காலிலும் இருக்கிறது. சோற்றை முகர்ந்துவிட்டுப் போகிறான். உள்ளூர் கால்நடை டாக்டர் தொட்டுப் பார்த்தார். "ரத்தப் புத்துநோயாட்டம் தெரியுதுங்க. வயசான நாய். ஊசி போட்டு அனுப்பிச்சிரலாமுங்க."
அனுப்ப அவன் என்ன தபாலா? தொட்டுப் பார்த்தால் ஆயிற்றா, சோதித்துப் பார்க்க வேண்டாமா? கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

13.6.96
மகன் தம்பிதுரை கிணற்றடியில் குழி வெட்டிவிட்டான். "இப்ப மண்ணு ஈரமா இருக்குதுங்கப்பா. காஞ்சா கடப்பாரை எறங்காது."
நாய் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே! இனி அவனோடு பேச்சில்லை.

20.6.96
உக்கடத்தில் பழைய புத்தகக் கடையில் நாய் வைத்தியப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஆங்கிலம். அகராதியோடு வரி வரியாகப் படிக்கிறேன். வெள்ளணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொள்கின்றன. நோய் வந்தால், பெருகு என்று ஒரு சேதி. வேலை முடிந்ததும், போதும், செத்துப்போ என்று இன்னொன்று. புற்று பிடித்த அணு முதல் சேதியையே பிடித்துக்கொண்டு நிற்கும். இரண்டாவதைக் காதில் வாங்காது.
பூவாத்தாளுக்கு விளக்கினேன். "போதும்னா கேக்காததா? உங்களாட்டம்னு சொல்லுங்க, புரிஞ்சுபோச்சு."
எட்டாவதோடு நின்றவன் இவ்வளவு படித்திருக்கிறேன். கட்டிய மனைவிக்குக் கிண்டல்.

22.6.96
அந்தப் 'போதும்' என்ற சேதியைச் சொல்ல ஒரு மருந்து இருப்பதாகப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. எங்கேயோ பார்த்த பெயர் — என் இளைப்பு மாத்திரை! வெல்லத்தில் பொதிந்து கொடுத்துவிட்டேன்.

27.6.96
கட்டி கரைந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன்.

29.6.96
டிவிஎஸ் 50இல் செவலையை முன்னால் நிற்கவைத்துப் பீளமேட்டுக்குப் போனேன். அங்கே சண்முகப்பிரியா என்று ஒரு நாய் டாக்டர். வெற்றியைக் காட்டத்தான் போனேன். மாத்திரை கொடுத்த கதையைக் கேட்டதும் அந்தப் பெண்ணுக்குக் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது.
"மருந்து சரிதானுங்க. ஆனா முந்திக்கிட்டீங்க. இப்ப ஊசி குத்திப் பாத்தா ஒண்ணும் தெரியாது. கட்டி மறுபடி வரும். அப்ப இந்த மருந்துக்கு முன்னாட்டம் மசியாது. நிறுத்துங்க."
மருந்து சரி என்றாளே! அதைப் பெரிதாகச் சொன்னாளா?

8.7.96
கட்டி வந்துவிட்டது. முன்னைவிடப் பெரிது. மூச்சு விட முடியவில்லை அவனுக்கு. ஐயோ, நான் என்ன பண்ணிப்போட்டேன்?
ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைக்கப் போவதாகப் பூவாத்தாள் கிளம்பினாள். கெடுத்தவன் பேரைச் சொல்லி அரைத்தால் அம்மன் தண்டிப்பாளாம். இவள் யாரைச் சொல்லி அரைப்பாள்? அவனுடைய சொந்த ரத்தம்தானே அவனுக்குப் பகை? "எம்பேரைச் சொல்லி அரை" என்றேன்.
"அதுக்கு மொளகா பத்தாதுங்க" என்றாள். போகவில்லை. இரவு முழுக்க நாயின் தலையை மடியில் வைத்திருந்தாள்.

10.7.96
பீளமேட்டு டாக்டர் கட்டியில் ஊசி குத்தி எடுத்துச் சோதித்தார். புற்றேதான். வாராவாரம் நரம்பில் ஊசி. கூடவே — அதே மாத்திரை! "முழுசாப் போயிரும்னு சொல்லமாட்டேனுங்க. கொஞ்ச காலம் நல்லா இருப்பான்."
அந்தக் கொஞ்ச காலத்தைக் கொடுங்கள் என்றேன்.

21.8.96
டாக்டர் தாடை, தொடை எல்லாம் தடவிப் பார்த்தார். ஒரு கட்டிகூட அகப்படவில்லை. "பெரியவரே, உங்களாட்டமே பிடிவாதக்காரனுங்க" என்றார்.
திரும்பி வரும்போது உள்ளூர் டாக்டரின் ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டுச் செவலை குதித்து, பால் சொசைட்டி வரை துரத்தினான். நான் தடுக்கவில்லை.

15.11.96
தம்பிதுரை தென்னங்கன்றோடு வந்து நின்றான். "குழி சும்மா கெடக்குதுங்கப்பா."
"ஆழம் பத்தாது, இன்னும் வெட்டு" என்றேன். ஜூனிலிருந்து அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை. வெட்டினான்.
நட்டு முடித்ததும் செவலை வந்தான். சுற்றிச் சுற்றி முகர்ந்தான். பிறகு காலைத் தூக்கி, கன்றுக்கு முதல் தண்ணீர் விட்டான்.