கொக்கி போட்ட காலிக் கூண்டு

மார்ச் 3
மாலை ஆங்கில வகுப்பு. கண்ணால் பார்க்காததை ஊகித்துச் சொல்வது எப்படி என்று பாடம். ஆதாரம் இருந்தால் ‘மஸ்ட் ஹேவ்’, வெறும் சந்தேகம் என்றால் ‘மைட் ஹேவ்’, நடந்திருக்கவே முடியாது என்றால் ‘கான்ட் ஹேவ்’. வீட்டில் நடந்த ஒன்றை வைத்து எழுதி வர வேண்டுமாம். எனக்கா பஞ்சம்? மாமனாரின் கிளி நேற்றுதான் காணாமல் போனது.

மார்ச் 4
எழுதிவிட்டேன். கூண்டு காலி, ஆனால் கொக்கி போட்டிருந்தது. கிளி தானாகப் போயிருக்க முடியாது — போன பிறகு கொக்கி போட அதற்குக் கையா இருக்கிறது? அன்று வந்து போனது நாத்தனார் மட்டும். “கத்தல் தாங்கல, எங்கயாவது விட்டுத் தொலைங்க” என்று போன மாதம்கூடச் சொன்னவள். அவள்தான் திறந்திருப்பாள். மஸ்ட் ஹேவ்.

மார்ச் 5
வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நாத்தனாரிடமே போனில் கேட்டுவிட்டேன். “எங்கப்பா கிளிய நான் விடுவேனா அண்ணி? இனிமே அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்.” கணவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குத் தேவையா இது?

மார்ச் 6
ஆசிரியை ‘மஸ்ட்’டை அடித்து ‘மைட்’ என்று திருத்தியிருந்தார். “அன்னிக்கு வீட்டுல வேற யாருமே இல்லையா?” இல்லை என்றேன். மாமா இருந்தார்தான். ஆனால் அந்தக் கிளிதான் அவருக்கு உயிராயிற்றே, அவரை யார் சந்தேகப்படுவார்கள்?

மார்ச் 8
துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாமா காலிக் கூண்டைத் திறந்தார். உள்ளே கையை விட்டு, எதையோ பொத்தி எடுப்பதுபோல் எடுத்தார். ஜன்னலில் விரல்களை விரித்தார். “போ, ஒரு சுத்து சுத்திட்டு வா.” திரும்பி வந்து கொக்கி போட்டார். டப்பா மூடியோ அலமாரியோ, எதையும் திறந்தபடி விட்டுப் பழக்கமில்லாத மனுஷர். உட்கார்ந்ததும் கேட்டார்: “எங்கம்மா கிளியக் காணோம்?”
போன வாரம் நம் தெருவிலேயே வழி தெரியாமல் நின்றாரே — அதுவும் இதுதானா? எத்தனை நாளா இப்படி? நான் எங்க பாத்துட்டு இருந்தேன்?

மார்ச் 9
நாத்தனாரிடம் மன்னிப்புக் கேட்டேன். பார்த்ததைச் சொன்னேன். நிறைய அழுதாள். “டாக்டர்கிட்ட நானும் வர்றேன் அண்ணி.”

மார்ச் 11
மறதி நோய்தான் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் மாமா கூண்டருகே நின்று யோசித்தார். “கொக்கி போட்டிருக்கு. அப்ப யாரோ திறந்துதான் விட்டிருக்கணும்.”
எவ்வளவு சரியாகச் சொல்கிறார். நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டேன். “நான்தான் மாமா. தெரியாம விட்டுட்டேன்.”
அவள் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா என் தலையில் கை வைத்தார்.
“சரி விடும்மா. இதுக்கெல்லாமா கண் கலங்குவாங்க?”