ஷோகேஸில் வைத்த தெரு

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

பாப்பா எழுதுவது. நன்றாக இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரி லேபில் எனக்குக் காலை ஷிப்ட். ரத்தம் எடுத்து, டியூபில் பெயர் ஒட்டி, மெஷினில் ஏற்றிவிட்டால் மதியத்துக்கு மேல் கை சும்மா இருக்கிறது. எக்ஸ்ரே பிரிவில் இருக்கும் அக்கா ஒருத்தர் தன் பழைய கேமராவை என் தலையில் கட்டிவிட்டார். ஃபுல் ஃப்ரேம். உள்ளே இருக்கும் சென்சார் நம் ஸ்டூடியோவில் நீங்கள் போட்ட ஃபிலிம் அளவேதான். அதனால் உங்கள் கணக்கெல்லாம் இதற்கும் அப்படியே பொருந்தும்.

லென்ஸ் மட்டும் நான் வாங்க வேண்டும். பழகிப் பார்க்க இரண்டு லென்ஸ் இரவல் கொடுத்திருக்கிறார். ஒன்று 24 மில்லிமீட்டரிலிருந்து 105 வரை போகும் ஜூம். கழுத்தில் குழந்தையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது, ஆனால் தூர நின்றே எடுத்துவிடலாம். இன்னொன்று 35. கைக்குள் அடங்குகிறது, ஆனால் எதற்கும் கிட்டப் போக வேண்டும். எனக்கு இப்போதெல்லாம் யாரிடமும் கிட்டப் போக வருவதில்லை. தினமும் மாட்டிக்கொண்டு சும்மா நடக்க எது சரி? ஒரே தெருவை 24, 35, 50 என்று எடுத்து அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

போன் நம்பர் கேட்டிருந்தீர்கள். நான் போனே வைத்துக்கொள்ளவில்லை அப்பா. வீட்டு விலாசமும் வேண்டாம். இந்தத் தபால் பெட்டியைச் சனிக்கிழமை தோறும் திறந்து பார்க்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பாப்பா

*

மார்ச் 14

என் பாப்பாவுக்கு,

பெற்ற அப்பனுக்கு ஒரு பெட்டி நம்பர்தான் விலாசம் என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? போகட்டும்.

லென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். 35 வாங்கு. ஜூம் கெட்டதில்லை, கல்யாண வீட்டில் அதுதான் நமக்குச் சோறு போடும். ஆனால் சும்மா நடக்கிறவனுக்கு அது கால்களைச் சோம்பலாக்கிவிடும். நின்ற இடத்திலிருந்தே வளையத்தைத் திருகத் தோன்றும். 50 நல்ல லென்ஸ்தான், சந்துக்குள் போனால் முதுகு சுவரில் இடிக்கும். 35 என்றால் ஆளும் வருவார், ஆளைச் சுற்றி இருப்பதும் வரும். ஒரு மாதம் போட்டால் எவ்வளவு தூரத்தில் நின்றால் எவ்வளவு விழும் என்று உன் காலுக்கே தெரிந்துவிடும்.

ஆனால் படத்தில் எனக்குப் பிடித்தது 24-இல் எடுத்ததுதான். தெரு முழுக்க விழுந்திருக்கிறது. ரொட்டிக்கடைப் பெயர்ப்பலகை, பஸ் நிறுத்தத்தில் எழுதியிருக்கும் இடத்தின் பெயர் எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் படிக்கலாம், அப்படி ஒரு தெளிவு. பெரிதாக அச்சிட்டு ஷோகேஸ் நடுவில் வைத்துவிட்டேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். என் மகள் எடுத்தது என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

நேற்று மாப்பிள்ளையும் வந்து நின்றார். ஆள் பாதியாகிவிட்டார். வெகுநேரம் பார்த்துவிட்டு, தன் போனில் அதை ஒரு படம் எடுத்துக்கொண்டார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நல்லா எடுத்திருக்கா மாமா" என்று மட்டும் சொன்னார். அவ்வளவு பண்பு. அவர் உன்மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை என்று நீயே சொன்னாய். பிறகு எதற்கம்மா இந்த வைராக்கியம்? உன் அம்மா இருந்திருந்தால் பக்குவமாகக் கேட்டிருப்பாள். எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

அப்பா

*

ஏப்ரல் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

பெட்டி போன வாரமும் காலி, அதற்கு முந்தைய வாரமும் காலி. இங்கே தபால்காரர்கள் ஏதோ வேலைநிறுத்தம் என்றார்கள். காத்திருந்து அலுத்து 35-ஐ நானே வாங்கிவிட்டேன். நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை. ஜூமைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நடக்க நடக்கப் பிடித்துக்கொண்டது. முதல் நாள் எல்லாவற்றிலும் தரைதான் அதிகம். இப்போது கொஞ்சம் கிட்டப் போகிறேன். சாவி வெட்டுகிற பெண்மணி ஒருவரைக் கேட்டே எடுத்தேன். அவர் சிரித்தார், நான் இன்னும் ஓரடி கிட்டப் போனேன். புதுப் படங்களில் தேறியதை அனுப்புகிறேன். வெளிச்சம் எப்படி என்று சொல்லுங்கள்.

போன வருஷம் நீங்கள் கேட்டீர்கள், அடித்தானா, குடித்தானா என்று. இரண்டும் இல்லை. நான் எங்கே நிற்கிறேன் என்று அவருக்கு எப்போதும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். வேலை முடிந்து வெளியே வந்தால் எதிர் நடைபாதையில் நிற்பார். கூப்பிட மாட்டார். கடைக்குப் போனால் கண்ணாடிக்கு வெளியே நிற்பார். வீட்டுக்கு வந்ததும், இன்று நீலப் புடவைக்காரியிடம் என்ன பேசினாய் என்று சாதாரணமாகக் கேட்பார். ஒருநாள் நம் வீட்டுக்கே வந்துவிடுவேன் என்று சொன்னேன். "எங்க வேணா போ. நான் வந்து நிப்பேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இதை யாரிடம் புகார் சொல்வது? உங்களிடமே சொல்ல வாய் வரவில்லை.

இங்கே என்னை யாரும் பார்ப்பதில்லை அப்பா. திரும்பிப் பார்க்காமல் ஒரு தெருவுக்குள் நுழைகிறேன். அதுவே போதும்.

உங்கள் பாப்பா

*

ஏப்ரல் 13

பாப்பா,

என் போன கடிதம் உன் கைக்கு வந்ததோ என்னவோ. அதை அப்புறம் படி, முதலில் இதைப் படி.

நீ அனுப்பிய படங்களை மேஜையில் பரப்பி வெளிச்சம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலத்துப் படத்தில் கைப்பிடிச் சுவர் முடிகிற இடத்தில் ஒரு ஆள். தோளை ஒரு பக்கம் சாய்த்து நிற்கிறார். எங்கேயோ பார்த்த நிலையாக இருக்கிறதே என்று பூதக்கண்ணாடியை வைத்தேன். பிறகு சாவிக்கடைப் படம். அந்தப் பெண்மணிக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியில், உன் முதுகுக்குப் பின்னால், தெருவுக்கு அந்தப் பக்கம் அதே ஆள்.

அது மாப்பிள்ளை. கல்யாணத்தில் எத்தனை படம் எடுத்தவன் நான், எனக்குத் தெரியாதா?

நீ எடுத்த தெருவை நான் ஷோகேஸில் வைத்தேன். அவர் அதைத் தன் போனில் எடுத்துக்கொண்டு போனார். பலகையில் ஊர் எழுதியிருந்தது. நான்தான் வழி காட்டி அனுப்பியிருக்கிறேன். ஷோகேஸைக் காலி செய்துவிட்டேன், இனி என்ன பிரயோஜனம்.

உங்கள் ஊர்த் தபால் நிலையத்துக்குப் போன் செய்தேன். பெட்டிக்காரர் விவரம் சொல்ல முடியாது என்றார்கள். போலீசைக் கூப்பிட்டேன், உன் விலாசம் கேட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்றுகூட எனக்குத் தெரியாதே அம்மா.

தனியாக நடக்காதே. எக்ஸ்ரே அக்கா வீட்டில் போய் இரு. இது கிடைத்ததும் எனக்கு ஒரு போன் செய். எந்த நேரமானாலும் சரி.

அப்பா

*

ஏப்ரல் 24

அப்பாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒரே சனிக்கிழமை சேர்ந்து கிடந்தன. தபால் நிலையத்தில் நின்றபடியே படித்தேன். அங்கே வேலை பார்க்கும் அம்மாவிடம் கேட்டு அக்காவுக்குப் போன் செய்தேன், அக்கா வந்து கூட்டிப் போனார். உங்களுக்கும் செய்ய எண்ணை அழுத்தினேன். உங்கள் மாப்பிள்ளை உங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று வைத்துவிட்டேன்.

அக்கா வீட்டுக் கணினியில் எல்லாப் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தோம். உங்களுக்கு அனுப்பாதவற்றிலும் இருக்கிறார். முதலில் தெருக்கோடியில் ஒரு புள்ளி. அப்புறம் மரத்தடியில். அப்புறம் பஸ் நிறுத்தத்தில். படத்துக்குப் படம் ஆள் பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறார். போலீஸ் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி படங்களை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, ஜூம் செய்து எடுத்ததா என்று கேட்டார். இந்த லென்ஸில் திருகுவதற்கு ஒன்றும் இல்லை, நான் நின்ற இடத்திலிருந்து உள்ளது உள்ளபடிதான் விழும் என்றேன். அதற்கப்புறம்தான் அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு எழுத ஆரம்பித்தார். கடைசிப் படத்தில் உங்கள் மாப்பிள்ளை கையில் இருக்கும் வாட்சில் மணி பார்க்கலாம் அப்பா. அவ்வளவு கிட்ட வந்திருக்கிறார். நான் அப்போது ஒரு ஜன்னலை எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் தங்கியிருந்த விடுதியைக் கண்டுபிடித்தார்கள். அன்று காலைதான் காலி செய்திருக்கிறார். எங்கே போனார் என்று தெரியவில்லை.

நான் இந்த ஊரை விட்டுப் போகிறேன். எங்கே என்று அக்காவுக்கும் சொல்லவில்லை. இந்தப் பெட்டியை இன்றோடு மூடுகிறேன். உங்கள் மேல் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். கோபம் இருக்கிறது. ஒருநாள் போய்விடும். ஆனால் இனி நான் எழுதாமல் இருக்கப் போவது அதற்காக மட்டும் இல்லை. நான் இருக்கும் இடம் உங்களுக்குத் தெரிந்தால் அது உங்கள் முகத்தில் தெரிந்துவிடும். அவருக்கு முகம் படிக்கத் தெரியும்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். என்னைத் தேடாதீர்கள்.

பாப்பா

*

ஜூன் 8

என் பாப்பாவுக்கு,

இதைத் தபாலில் போட விலாசம் இல்லை. எழுதினால் கொஞ்சம் மூச்சு விடுகிறேன், அதற்காக எழுதுகிறேன்.

போன மாதம் அவர் வந்தார். ஒன்றுமே நடக்காத மாதிரி பாஸ்போர்ட் படம் எடுக்க வேண்டும் என்றார். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் என்று கை துடித்தது. தள்ளினால் வேறு எங்கே போவார் என்று யோசித்தேன். உட்காரச் சொன்னேன். விளக்கைப் போட்டேன். முகவாயை நிமிர்த்தச் சொன்னேன். கண் கொட்டாமல் லென்ஸையே பார்த்தார். படத்தை வாங்கிக்கொண்டு ஷோகேஸைப் பார்த்தார். அதில் இப்போது யாரோ பெற்ற குழந்தைகளின் படங்கள். "புதுசா ஏதும் படம் வந்துச்சா மாமா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

அடுத்த வாரமும் வந்தார். அதே கேள்வி. இப்போது வாராவாரம் வருகிறார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ சொன்னது சரிதான் அம்மா, நல்லவேளை எனக்கு ஒன்றும் தெரியாது. பார்க்கட்டும்.

கண் மங்குகிறது, கடையை மூடு என்று டாக்டர் சொல்கிறார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வந்து கேட்கிறவரைக்கும் நீ அவர் கண்ணில் படவில்லை என்று எனக்குத் தெரியும். உன்னைப் பற்றி எனக்கு வருகிற சேதி அது ஒன்றுதான்.

இன்று அவர் வருகிற நாள். விடிந்ததுமே வந்து கடையைத் திறந்துவிட்டேன். மதியம் தாண்டிவிட்டது. இன்னும் காணோம்.

அப்பா