கண்ணாடிக் கோட்டையில் நீ யார்?

உ

பதுளை,
பரிதாபி வருஷம், தை மாதம் 8ந் தேதி.

என் கண்ணான மகள் சௌபாக்கியவதி பரிமளத்துக்கு அப்பா எழுதிக்கொண்டது. கதிர்காமக் கந்தன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் தங்கச்சி சந்திரகாந்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். கொழும்பில் நீயும் மாப்பிள்ளையும் உன் மாமியாரும் சுகமாயிருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறோம். கடிதத்தில் மிளகாய் நெடி அடித்தால் தும்மிவிட்டுப் படி. அம்மா இடித்த தூள் டின்னுக்கு அடியில் இதை மடித்து வைத்தது நான்தான். தபாலில் போட்டால் உன் கொழுந்தனார் உடைத்துப் படித்த பிறகுதான் உன் கைக்கு வரும். அதனால் சரக்கெடுக்கக் கொழும்புக்கு வரும் நம் ஜுனைதீன் நானாவிடம் டின்னாகக் கொடுத்தனுப்பினேன். தூளை அன்றைக்கே வேறு டப்பாவில் கொட்டி வைக்க வேண்டுமென்று வாசலிலேயே உனக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டில் அடுப்படி வேலை முழுக்க உன் தலையில்தான் என்று அவர் சொல்லித் தெரியும்.

இங்கே மழை விட்டபாடில்லை. பண்டாரவளையில் ரயிலை விட்டு இறங்கும் அரிசி மூட்டை பதுளைக்கு வந்து சேர்வதற்குள் மாடுகளும் வண்டிக்காரனும் பாதி செத்துப்போகிறார்கள். வெலிமடையிலிருந்து வரும் காய்கறி எல்லாம் அழுகல். அம்மாவுக்கு முழங்கால் வலி, தைலம் தேய்த்துக்கொள் என்றால் என்னை ஏசுகிறாள், ஏசுகிறவரைக்கும் நன்றாக இருக்கிறாள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். சந்திரகாந்தியை எல்ல என்கிற ஊர்ப் பக்கம் கடை வைத்திருக்கிற ஒருவர் தன் மகனுக்குக் கேட்டிருக்கிறார், இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது.

இதெல்லாம் கிடக்கட்டும். கண்ணாடிக் கோட்டைக் கதையின் ஏழாம் பாகம் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்துவிட்டது! போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சனம் நம் கடைக்குச் சாமான் வாங்க வந்தபோது, நீ வாசித்த அதே இடத்தில், கருவாட்டுச் சிப்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சந்திரகாந்தி வாசித்தாள். உன்னைப் போல் பூதத்துக்கு ஒரு குரல், ஆமைக்கு ஒரு குரல் என்றெல்லாம் அவளுக்கு வரவில்லை. பாதி எழுத்தை விழுங்குகிறாள். நீ ஆரம்பித்து வைத்த விளையாட்டு மட்டும் குறைவில்லாமல் நடக்கிறது. கதையில் யாராக இருக்க ஆசை என்று ஆளுக்கொரு பாத்திரத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிடித்த ஆள் கதையில் மாண்டுபோனால் எல்லோருக்கும் இஞ்சிக் கோப்பி வாங்கிக் கொடுக்கவேண்டும். புதுப் பாகம் வந்தால் ஆளை மாற்றிக்கொள்ளலாம், ஏன் மாற்றினாய் என்று ஒருவரும் கேட்கக்கூடாது. சந்திரகாந்தி இந்தச் சட்டத்தில் கைவைக்கப் பார்த்தாள், பரிமளம் போட்டதை மாற்றக்கூடாது என்று சனமே மறித்துவிட்டது.

எனக்கு வெகுநாளாக ஒரு ஆச்சரியம் உண்டு. பறக்கும் குதிரையில் ஏறி ஏழு கடல் தாண்டுகிற ராசகுமாரன் மேகவண்ணனாக இருக்க ஒருவருக்கும் ஆசையில்லை. கந்தப்பன் கங்காணியைக் கேட்டால் நான் அந்த மரக்குதிரை என்கிறார். ஏனய்யா, இத்தனை ஆட்களை மேய்க்கிற மனுஷன் குதிரையாகப் போவானேன் என்றேன். "ராசகுமாரன் எல்லாத்துக்கும் பதில் சொல்லணுமுங்க, குதிர பறந்தா போதும், தொரை அதை ஒண்ணும் கேக்க மாட்டாரு" என்றார். கொழுந்தெடுக்கிற ரெங்கம்மா சாம்பலைத் தின்று உயிர் வாழும் பூதத்தை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கிறாள். அதற்குத்தான் வயிற்றுப்பாடு இல்லையாம், "விடியக்காலையில தப்படிச்சு அதைப் பெரட்டுல ஆள் கணக்குக்குக் கூப்புட முடியுமா" என்று கேட்கிறாள். ஜுனைதீன் நானா முதல் பாகத்திலிருந்தே ஆமைதான், முனகிக்கொண்டே ஊராரின் சுமையைச் சுமக்கிறது தன்னைப் போலவே இருக்கிறதாம். நான் மந்திரி. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன், தான் ஒன்றும் செய்யாதவன், சரியான வேஷம் என்று உன் அம்மா சொல்வாள். அவள் மட்டும் இதுநாள்வரை யாரையும் பிடித்ததில்லை. கதைக்கு நேரமில்லையாம். ஆனால் அரிசி புடைக்கிற சாக்கில் காது முழுக்க இங்கேதான் இருக்கும்.

நீ கல்யாண மாதத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு கண்ணாடிக் கோட்டை ராணி என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்தக் கணக்கில்தான் உன்னை இன்னும் வைத்திருக்கிறோம். தீபாவளிக்கு ஆறாம் பாகம் அனுப்பினேன். வாசித்தாயிற்று என்று நானாவிடம் திருப்பிக் கொடுத்தனுப்பினாய். பிரித்துப் பார்த்தால் ஒரு தாளின் மடிப்புகூட வெட்டப்படவில்லை. கட்டுக் கயிற்றை அவிழ்ப்பதற்குள் பாக்குவெட்டியால் தாளைக் கிழிக்கிற பிள்ளை நீ. நீ எழுதுகிற கடிதங்களும் அப்படித்தான் இருக்கின்றன. சுகம், எல்லோரும் அன்பாயிருக்கிறார்கள், கவலைப்பட வேண்டாம். கொழும்புத் தண்ணீரைப் பற்றி ஒரு குறை உண்டா, மாமியார் சமையலைப் பற்றி ஒரு கிண்டல் உண்டா? குறை சொல்லாத பரிமளத்தை எனக்குப் பழக்கமில்லை. நானாவைத் துருவிக் கேட்டேன். மனுஷன் முதலில் மழுப்பினார், பிறகு, "புள்ள மெலிஞ்சி போச்சு முதலாளி, ஒவ்வொரு பேச்சுக்கும் உள்ளுக்குத் திரும்பிப் பாத்துத்தான் வாயத் தொறந்திச்சு" என்றார். உன் அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை.

ஏழாம் பாகத்தில் உன் ராணியின் கதைதான் வருகிறது. அந்தக் கோட்டைக்கு உள்பக்கத்தில் தாழ்ப்பாள் இல்லையாம். உள்ளே போனவள் தானாக வெளியே வர முடியாது. பிறந்த வீட்டு மனுஷர் யாராவது வாசலில் நின்று வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் கதவு திறக்கும். ராணியின் தாய் காடு மலையெல்லாம் கடந்து வாசல்வரைக்கும் வருகிறாள். உள்ளே வீணைச் சத்தம் கேட்கிறது. மகள் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்து, ஒரு குரல்கூடக் கொடுக்காமல் திரும்பிப் போய்விடுகிறாள். சந்திரகாந்தி அந்த இடத்தை வாசித்து வாய் மூடவில்லை, உன் அம்மா சுளகைத் தூக்கி எறிந்துவிட்டு, "வாசல்வரைக்கும் போனவ கூப்புடாம என்னத்துக்குடி திரும்பி வந்தா, அவளும் ஒரு தாயா" என்று சத்தம் போட்டாள். அரிசியெல்லாம் தெருவில். பிறகு அவளே, "நான் அந்த அம்மாக்காரி. என்னைய இந்தப் பாகத்துல சேத்துக்குங்க" என்றாள். நான் சொல்லாததெல்லாம் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, உன் கடிதங்களை வாசித்துக் காட்டும்போது என் குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டாளாம்.

ஆகையால் மகளே, இது புதுப் பாகம், ஆளை மாற்றிக்கொள்ள உனக்கு உரிமை உண்டு. சரக்கெடுத்து முடித்து ஊர் திரும்புமுன் ஜுனைதீன் நானா காலி டின்னை வாங்க இன்னொரு தரம் வாசலில் வந்து நிற்பார். கதையில் யார் என்று மட்டும் கேட்பார். மாமியார் காதில் விழுந்தாலும் கதைப் பைத்தியம் என்பதோடு போய்விடும். ராணியேதான் என்று நீ சொன்னால், கோட்டையை விட்டு வர உனக்கு மனமில்லை, நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்பி வாயை மூடிக்கொள்வேன், கடைச் சனத்துக்கெல்லாம் என் செலவில் இஞ்சிக் கோப்பி. வேறு எந்தப் பெயரைச் சொன்னாலும் சரி, குதிரையோ பூதமோ ஆமையோ, நானும் அம்மாவும் பண்டாரவளையில் ரயிலேறிவிடுவோம். எங்களைச் சமாதானப்படுத்த ராணி என்று மட்டும் சொல்லிவிடாதே, மகளே. தங்கச்சி கல்யாணம் கெட்டுவிடுமே என்று நீ யோசிப்பாய் என்று எனக்குத் தெரியும். அவளையே கேட்டேன். அக்காவை அங்கே விட்டுவிட்டு எனக்கு எதற்கு எல்ல மாப்பிள்ளை என்றாள். ஊர் வாய்க்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், மந்திரி வேஷத்தை அன்றைக்கே விட்டுவிட்டேன். இங்கே உன்னை ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டோம். சட்டம் போட்டவள் நீ.

கந்தன் உன்னை ஒரு குறையும் அண்டாமல் காக்கவேண்டும். வேளைக்குச் சாப்பிடு. படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு, டின்னைக் கழுவி மறக்காமல் கொடுத்தனுப்பு.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வழிபார்த்திருக்கும் அப்பா,
தர்மலிங்கம்.

கீழே உள்ளது அம்மா தன் கையாலேயே எழுதியது. சந்திரகாந்தி எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

பொம்மி. அம்மா வாசலில் நிற்கிறேன். வெளியே வாடி.